மொட்டைமாடி அறையில் சிப்பிக் காளான்: மதியம் 36 டிகிரி, காற்றோட்டம் எப்படி?

வைக்கோல்பிரி (வேலூர்), ஏப்ரல் 6, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு மொட்டைமாடியில் 10-க்கு 10 அறை ஒன்று இருக்கிறது. உயரம் 9 அடி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். டிசம்பரில் 40 பெட் (வைக்கோலும் காளான் விதையும் அடைத்த பை) போட்டு வெள்ளைச் சிப்பி ஆரம்பித்தேன். பிப்ரவரி வரை ஒரு குறையும் இல்லை, ஒரு பெட்டுக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாமல் எடுத்தேன்.

மார்ச் கடைசியிலிருந்து எல்லாம் தலைகீழாகிவிட்டது. மதியம் 3 மணிக்கு அறையில் 36 டிகிரி, ஈரப்பதம் 50 சொச்சம். ஊசிமொட்டு (குண்டூசித் தலை அளவு காளான் மொட்டு) வருகிறது, மறுநாளே கருகிவிடுகிறது. புதிதாகப் போட்ட பெட்களில் விதை (அதிலிருந்து கிளம்பும் காளான் இழை) ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஓடியிருக்கிறது. நடுவில் பழுப்பாக, புளித்த வாடையோடு நிற்கிறது.

கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஒரு ஏர் கூலர் வாங்கி உள்ளே வைத்தேன். முதல் ஒரு மணி நேரம் 32-க்கு இறங்கியது, அப்புறம் மறுபடி 34. அறை குளியலறை மாதிரி ஆகி, இருந்த காளானும் மஞ்சளாகிப் பிசுபிசுத்தது. ஈ வருகிறதே என்று கதவு ஜன்னல் எல்லாம் மூடித்தான் வைத்திருக்கிறேன். எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போதுமா, இல்லை ஏசியே போட்டுவிடலாமா?

கொங்குக்குடில் (கோபி), ஏப்ரல் 7, காலை 6.02

தம்பி, ஃபேனுக்கும் ஏசிக்கும் போவதற்கு முன்னால் நான்கு விஷயம் சொல்லுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் மீட்டரை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள்? விதை ஓடும் பெட்களை உறியில் தொங்கவிட்டிருக்கிறீர்களா, அடுக்கி வைத்திருக்கிறீர்களா? ஒரு பெட்டின் குறுக்களவு என்ன? கடைசியாக, கம்பி மாதிரி நீளமான சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, பாழாய்ப்போன பெட் ஒன்றில் வேண்டாம், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டின் நடுவில் குத்திப் பார்த்து எவ்வளவு என்று எழுதுங்கள். குத்தும் முன் டெட்டால் வைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கோல்பிரி, ஏப்ரல் 8, மாலை 4.40

அண்ணா, மீட்டர் ஏழடி உயரத்தில் இருந்தது. பெட் மட்டத்துக்கு இறக்கினால் 33 தான் காட்டுகிறது! விதை ஓடுகிற பெட்களை இரும்பு ராக்கில் ஒன்றோடொன்று ஒட்டி, மூன்று அடுக்காக வைத்திருக்கிறேன். குறுக்களவு ஒரு அடி. நடுவில் குத்திப் பார்த்தேன், 38.

கொங்குக்குடில், ஏப்ரல் 8, இரவு 8.20

அந்த 38-தான் உங்கள் வியாதி. அறையின் 36 இல்லை.

காளான் இழை வைக்கோலைத் தின்னும்போது பெட் தானே சூடாகும். அறையைவிட மூன்று நாலு டிகிரி அதிகமாக இருப்பது சாதாரணம். ஒட்டி அடுக்கினால் அந்தச் சூடு போக வழியில்லாமல் இன்னும் ஏறும். சிப்பிக்கு விதை ஓட 25 முதல் 28 வரை சுகம். பெட்டின் நடுப்பகுதி 35-ஐத் தாண்டினால் இழை சோர்ந்துவிடும், 40 பக்கம் போனால் செத்துவிடும். அந்த இடத்தைப் பாக்டீரியாவும் பச்சைப்பூசணமும் பிடித்துக்கொள்ளும். நீங்கள் முகர்ந்த புளித்த வாடை அதுதான். விதை சரியில்லை என்று விதை கொடுத்தவரிடம் சண்டைக்குப் போயிருப்பீர்களே?

என் முதல் கோடையில் நான் போனேன். நூறு பெட்டுக்கு மேல் குப்பையில் கொட்டிய பிறகுதான் புரிந்தது.

இன்றிரவே ராக்கைக் காலி செய்யுங்கள். நைலான் கயிற்றில் உறி கட்டி, பெட்டுக்குப் பெட் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். அடுத்த முறை கோடை முடியும் வரை ஒரு அடிப் பை வேண்டாம், முக்கால் அடிக்கும் குறைவான ஒல்லிப் பையாகப் போடுங்கள். பெட்டுக்கு மகசூல் குறையும், ஆனால் நடுப்பகுதி வேகாது. 40 பெட் என்பதை 25 ஆக்குங்கள். பெட் ஒவ்வொன்றும் ஒரு சின்ன அடுப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏசிமெக்கானிக் (சேலம்), ஏப்ரல் 9, இரவு 11.30

கூலரைப் பற்றி யாரும் பேசவில்லையே, அது என் பேட்டை.

கூலர் குளிரை உண்டாக்கும் எந்திரம் இல்லை. வறண்ட காற்று, கூலரின் பக்கத்தில் இருக்கும் ஈரப் பேடு (தண்ணீரில் நனையும் திண்டு) வழியாகப் போகும்போது தண்ணீர் ஆவியாகிறது, அதற்கான சூட்டைக் காற்றிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் வேலை. மூடிய அறைக்குள் வைத்தால் அரை மணி நேரத்தில் அறைக்காற்று நனைந்துவிடும். அப்புறம் பேடில் தண்ணீர் ஆவியாகாது, மோட்டார் சூடுதான் மிச்சம். உங்களுக்கு 32-க்கு இறங்கி மறுபடி 34 ஆனதற்கு இதுதான் காரணம். கூலர் வெளிக்காற்றை இழுக்க வேண்டும், நனைந்த காற்று எதிர்ப்பக்கம் வெளியே போக வேண்டும்.

அது எவ்வளவு குளிர்விக்கும் என்பதைப் பணம் செலவழிக்காமலே தெரிந்துகொள்ளலாம். சாதாரணத் தெர்மாமீட்டர் இரண்டு எடுங்கள். ஒன்றின் குமிழில் நனைத்த வேட்டித் துணியைச் சுற்றி, மதியம் 3 மணிக்கு வெளியே நிழலில் வைத்துக் கைவிசிறியால் ஐந்து நிமிடம் விசிறுங்கள். துணி சுற்றிய தெர்மாமீட்டர் எங்கே நிற்கிறதோ அதுதான் தரை. எத்தனை கூலர், ஃபாகர் (பனி மாதிரி தண்ணீர் தூவும் கருவி), ஈரச்சாக்கு வைத்தாலும் அதற்குக் கீழே தண்ணீரால் இறக்க முடியாது. நல்ல பேடாக இருந்தால் இரண்டு அளவுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில் முக்கால் பங்கு வரை இறங்கும், ஈரச்சாக்கில் பாதி வரும்.

வைக்கோல்பிரி, ஏப்ரல் 10, மாலை 5.05

விசிறிப் பார்த்தேன். மொட்டைமாடியில் என்ன செய்கிறான் இவன் என்று பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். காய்ந்தது 39, நனைந்தது 25.

ஏசிமெக்கானிக், ஏப்ரல் 10, மாலை 5.40

வித்தியாசம் 14. முக்கால் பங்கு என்றால் பத்தரை. அதாவது 28 அல்லது 29 டிகிரியில் காற்று உள்ளே வரும். உங்கள் ஊர் வறண்ட ஊர், கொடுத்துவைத்தவர். ஏசியை மறந்துவிடுங்கள்.

கடலோரம் (திருவொற்றியூர்), ஏப்ரல் 10, இரவு 9.15

இதைப் படித்துவிட்டு நானும் விசிறினேன். காய்ந்தது 34, நனைந்தது 29. வெறும் 5 டிகிரி!

இரண்டு வருஷமாக வீடியோக்களைப் பார்த்து மணல் பரப்பினேன், சாக்கு கட்டினேன், ஃபாகர் போட்டேன். அறை 31-க்குக் கீழே இறங்கவே இல்லை. நான்தான் ஏதோ தப்பு செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீடியோக்கள் எல்லாம் ஈரோடு, தர்மபுரிப் பக்கம் எடுத்தவை என்று இப்போதுதான் உறைக்கிறது. கடற்கரைக்காரன் என்ன செய்ய?

கொங்குக்குடில், ஏப்ரல் 11, காலை 5.50

கடலோரம் தம்பி, உங்கள் ஊரில் வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டாம், பயிரை மாற்றுங்கள். பால் காளானுக்கு 30 முதல் 35 டிகிரிதான் பிடிக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏபிகே 2 ரகம் கோடைக்கென்றே பேர் போனது. பெட்டைப் பாதியாக வெட்டி மேலே மண் மூட வேண்டும், வெளிச்சமும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். சிப்பியைவிட நாள் அதிகம் பிடிக்கும், ஆனால் பறித்த பிறகு சிப்பி மாதிரி மறுநாளே வாடாது. சிப்பியே வேண்டும் என்றால் இளஞ்சிவப்புச் சிப்பி வெள்ளையைவிடச் சூடு தாங்கும், விற்பதுதான் கஷ்டம். கார்த்திகை, மார்கழி, தையில் வெள்ளைச் சிப்பிக்குத் திரும்பிக்கொள்ளுங்கள்.

வேலூர்த் தம்பிக்கு: கூரையைப் பற்றி நாம் இன்னும் பேசவே இல்லை. மதியம் அந்த ஷீட்டின் அடிப்பக்கம் கை வைத்துப் பாருங்கள். அனல் மேலிருந்து பெட்டின் மேல் அடித்துக்கொண்டிருக்கும், தெர்மாமீட்டரில் அது முழுசாகத் தெரியாது. மேல்வரிசைப் பெட் முதலில் காய்கிறதா என்று பாருங்கள், காய்ந்தால் சந்தேகமே இல்லை. ஷீட்டுக்கு மேலே ஒன்றரை அடி இடைவெளி விட்டு 75 சதவீத நிழல்வலை கட்டுங்கள். வலை ஷீட்டைத் தொடக்கூடாது, நடுவில் காற்று ஓட வேண்டும். ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடியுங்கள். கொஞ்சம் ஃபெவிகால் கலந்தால் முதல் மழைக்கே கரையாது. ஷீட்டில் ஏறி நிற்காதீர்கள், உடைந்துவிடும், பலகை போட்டு ஏறுங்கள். உள்ளே எட்டடி உயரத்தில் தெர்மோகோல் சீலிங்.

ஃபேன் வாங்கும் பணத்தை முதலில் இதில் போடுங்கள். உள்ளே வந்த சூட்டைத் துரத்துவதைவிட உள்ளே விடாமல் இருப்பது மலிவு.

மலர்\_திருவண்ணாமலை, ஏப்ரல் 11, மதியம் 2.10

தம்பி, எங்கள் மகளிர் குழுக் குடில் தென்னங்கீற்று. உள்ளே மூன்று அங்குலம் மணல், சுற்றிலும் கோணிச் சாக்கு. ஒரு நாளைக்கு நாலு தடவை நனைப்போம். கத்திரி வெயிலில்கூட 29, 30-ல் நிறுத்திவிடுவோம். ஒன்று மட்டும் சொல்கிறேன், பெட் மேல் நேராகத் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். காளான் குடை மேல் தண்ணீர் தேங்கி, காற்றும் ஓடாமல் இருந்தால்தான் மஞ்சள் அடிக்கும். கூலர்த் தொட்டித் தண்ணீரையும் தினம் மாற்றுங்கள், பழைய தண்ணீரில்தான் எல்லா அழுக்கும்.

அப்புறம், ஃபேனை மேலே வைக்காதீர்கள். காளான் விடும் கரியமிலவாயு கனமானது, கீழே தங்கும். கீழே ஓட்டை போட்டால்தான் வெளியே போகும் என்று பயிற்சியில் சொன்னார்கள்.

ஏசிமெக்கானிக், ஏப்ரல் 11, இரவு 10.50

அக்கா, கரியமிலவாயு கனமானது என்பது சரி. ஆனால் அது தனியாகப் பிரிந்து தரையில் படுத்துக்கொள்ளாது. வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்குக்கு மேல் இருக்கிறது. மூடிய காளான் அறையில் 2000 ஆகிறது என்று வையுங்கள். அப்போதும் மொத்தக் காற்றில் 0.2 சதவீதம்தான், அதனால் காற்றின் கனம் கூடுவது 0.1 சதவீதம்கூட இல்லை. ஆனால் வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலே காற்று 0.3 சதவீதம் இலேசாகிறது. வேலூர் அறையில் தரைக்கும் கூரைக்கும் மூன்று நாலு டிகிரி வித்தியாசம். எது எதை ஜெயிக்கும்? சூட்டுக்காற்று மேலே போகும், போகும்போது கரியமிலவாயுவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். எக்ஸாஸ்ட் மேலே, காற்று நுழையும் வழி எதிர்ச்சுவரில் கீழே. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

மலர்\_திருவண்ணாமலை, ஏப்ரல் 12, காலை 7.30

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் குடிலில் கீழ்வரிசைப் பெட்டில்தான் தண்டு நீண்டு குடை சின்னதாக வரும், மேல்வரிசையில் வராது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கொங்குக்குடில், ஏப்ரல் 12, காலை 8.15

இரண்டு பேரும் சொல்வது நடப்பதுதான். கீற்றுக் குடிலில் மேலே சந்துபொந்து நிறைய, அங்கே காற்று தானாக ஓடும். கீழே சாக்கு இறுக்கிக் கட்டியிருப்பதால் காற்று அசைவதே இல்லை. பெட்டைச் சுற்றி விட்ட மூச்சு அங்கேயே நிற்கும். வெளிச்சமும் கீழே குறைவு, வெளிச்சம் குறைந்தாலும் தண்டு நீளும். செய்தித்தாள் படிக்கிற அளவு வெளிச்சம் பகலில் இருக்க வேண்டும். அக்கா, கீழ்ச் சாக்கை ஒரு பக்கம் விடிகாலையில் தூக்கிக் கட்டிப் பாருங்கள். காற்று கீழே நுழைந்தால் மெக்கானிக் தம்பி சொன்னதும் ஆச்சு, உங்கள் பயிற்சியில் சொன்னதும் ஆச்சு.

பனையோலை (யாழ்ப்பாணம்), ஏப்ரல் 12, இரவு 9.00

எங்கட பக்கம் காளானுக்கு வைக்கோல் பாவிக்கிறது குறைவு, மரத்தூள் பைதான் கூட. சின்னப் பையெண்டபடியால் நடுவில சூடு பிடிக்கிறது குறைவு. கொங்கு ஐயா சொன்ன ஒல்லிப் பைக் கதை எனக்கு இப்பத்தான் விளங்குது. கொட்டிலுக்குப் பனையோலைதான், தகரம் போட்ட ஆக்கள் எல்லாரும் பிறகு அதுக்கு மேல ஓலையும் போட்டவை.

வைக்கோல்பிரி, ஏப்ரல் 13, இரவு 9.45

சரி, சித்திரை பிறக்கும் முன் வேலையைத் தொடங்குகிறேன். கூரைக்கு வலை, சுண்ணாம்பு, உள்ளே தெர்மோகோல். பெட் 25, உறியில். மேற்குச் சுவரில் மேலே 6 அங்குல எக்ஸாஸ்ட். கூலரைக் கிழக்கு ஜன்னலுக்கு வெளியே, கீழ்மட்டத்தில். ஃபேன் அறைக்குப் போதுமா? ஈ வராமல் எப்படி?

ஏசிமெக்கானிக், ஏப்ரல் 13, இரவு 11.10

அறை 900 கன அடி. 6 அங்குல ஃபேன் அட்டையில் நிமிடத்துக்கு 150 கன அடி என்று இருந்தால், ஆறு நிமிடத்தில் ஒரு அறைக் காற்று வெளியே. 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலை மாட்டினால் அதில் பாதி வந்தாலே பெரிது. ஈக்கு அந்த வலை கட்டாயம், அதனால் நுழைவழியைப் பெரிதாக வையுங்கள். ஃபேன் ஓட்டையைப் போல மூன்று நாலு மடங்கு வலைப் பரப்பு. வலையை வாரம் ஒருமுறை கழுவுங்கள், காளான் தூள் அடைத்துக்கொள்ளும்.

பகலில் கூலரும் ஃபேனும் சேர்ந்து ஓடட்டும். கூலர் இல்லாமல் மதியம் எக்ஸாஸ்ட் மட்டும் போட்டால் 39 டிகிரி வெளிக்காற்றைக் காசு கொடுத்து உள்ளே இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். இரவு பத்து மணிக்கு மேல் கூலர் வேண்டாம், ஃபேன் மட்டும். சுவர் பகலில் குடித்த சூட்டை அப்போதுதான் வெளியே விடும்.

சுவிட்ச் எல்லாம் அறைக்கு வெளியே. உள்ளே எந்நேரமும் ஈரம். லைனில் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் கூலரைத் தொடாதீர்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

ஏசி ஏன் வேண்டாம் என்றால், அது அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும், புதுக்காற்று வராது. ஈரத்தையும் உறிஞ்சிக் குழாய் வழியாக வெளியே கொட்டும். நீங்கள் ஃபாகர் வைத்து ஈரம் ஏற்ற, ஏசி அதைத் தண்ணீராக்கி இறக்க, மின்கட்டணம் மட்டும் வளரும்.

வைக்கோல்பிரி, மே 4, இரவு 10.30

இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். நிலவரம் சொல்கிறேன்.

வலையும் சுண்ணாம்பும் போட்ட அன்றே, ஃபேன் எதுவும் ஓடாமலே, பெட் மட்டத்தில் மதியம் 33 என்பது 31 ஆனது. அப்போது வெளியே 39. கூலரும் எக்ஸாஸ்டும் ஓடத் தொடங்கிய பிறகு 28.5. இன்று வெளியே 41, உள்ளே 29. பெட் நடுவில் 32. புது பெட் 25-ல் 21 முழுசாக வெள்ளை கட்டிவிட்டது.

ஒரு தப்பும் செய்தேன். ராத்திரி ஃபேனைப் பத்து மணி முதல் காலை ஆறு வரை நிறுத்தாமல் ஓட்டினேன். சூடு இறங்கியது, ஆனால் காலையில் ஊசிமொட்டு நுனி காய்ந்திருந்தது. மீட்டர் ஈரப்பதம் 85 என்று காட்டுகிறது, பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஏசிமெக்கானிக், மே 4, இரவு 11.55

அந்தச் சின்ன டிஜிட்டல் மீட்டர்கள் ஈரப்பதத்தில் பொய் சொல்லும். ஒரு மூடியில் தூள் உப்பைப் போட்டு, கரையாமல் களிமண் பதத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் எட்டு மணி நேரம் மூடி வையுங்கள். உள்ளே 75 இருக்க வேண்டும். உங்கள் மீட்டர் 75-ஐவிட எவ்வளவு கூடுதலாகச் சொல்கிறதோ அந்த வித்தியாசத்தை எப்போதும் கழித்துக்கொள்ளுங்கள்.

வைக்கோல்பிரி, மே 6, காலை 7.00

86 காட்டுகிறது! அப்படியென்றால் அன்றைக்கு அறையில் இருந்தது 74 தான். இதை வைத்துக்கொண்டுதான் ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறேன்.

கொங்குக்குடில், மே 6, காலை 7.25

80-க்கு மேல் வேண்டும், 90 பக்கம் இருந்தால் நல்லது. இரவில் டைமர் வைத்து, ஒரு மணி நேரத்தில் கால் மணி நேரம் ஃபேன் ஓடட்டும். விடிகாலை மூன்றிலிருந்து ஐந்தரை வரை தொடர்ந்து விடுங்கள், அதுதான் நாளிலேயே குளிர்ந்த காற்று. நுழைவழி முன் ஈரச்சாக்கு தொங்கட்டும். விதை ஓடும் பெட்களுக்கு இவ்வளவு புதுக்காற்று தேவையில்லை. அவற்றை ஒரு ஓரமாகத் திரை போட்டுப் பிரித்துவிடுங்கள். மொட்டு வந்த பிறகுதான் காற்று, வெளிச்சம் எல்லாம்.

கடலோரம், மே 19, மாலை 6.30

பால் காளான் மொட்டு வந்துவிட்டது. 33 டிகிரி, ஒரு கூலரும் இல்லை. சந்தோஷத்தில் எழுதுகிறேன், கேள்வி எதுவும் இல்லை.

மலர்\_திருவண்ணாமலை, மே 20, மதியம் 1.15

வாழ்த்துகள் தம்பி. வேலூர்த் தம்பி, எக்ஸாஸ்ட் காற்று எங்கே போய் விழுகிறது? எங்கள் குழுவில் ஒருவருக்கு விடாத இருமல், மூச்சிரைப்பு. குடிலுக்குப் போகாத நாளில் இல்லை. சிப்பி விடுகிற வித்துத்தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் சொன்ன பிறகு எல்லோரும் முகக்கவசம் போட்டுத்தான் பறிக்கிறோம். குடை ஓரம் விரியும் முன்னாலேயே பறித்தால் தூள் குறைவு. வீட்டுப் படுக்கையறை ஜன்னல் பக்கம் ஃபேனைத் திருப்பாதீர்கள்.

வைக்கோல்பிரி, மே 20, இரவு 9.20

நல்லவேளை சொன்னீர்கள் அக்கா. மேற்கே தெருப்பக்கம்தான் போகிறது, இருந்தாலும் ஒரு முழங்கை பிவிசி மாட்டி மேல்நோக்கித் திருப்பிவிட்டேன். எனக்கும் காலையில் தும்மல் இருந்தது, கூலர் குளிர்ச்சி என்று நினைத்தேன். இனி முகக்கவசம் போட்டுக்கொள்கிறேன்.

இந்த வாரம் 21 பெட்டில் முதல் பறிப்பு 9 கிலோ. டிசம்பர்க் கணக்குக்கு இது குறைவுதான், ஒல்லிப் பை வேறு. ஆனால் மே மாதத்தில் ஊரில் வரத்து குறைவு, கேட்ட விலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

அம்மாவுக்கு மட்டும் கோபம். மொட்டைமாடி முழுக்க நிழல்வலை கட்டிவிட்டேனாம், வடகம் பிழியவே இல்லை இந்த வருஷம்.

மலர்\_திருவண்ணாமலை, மே 20, இரவு 9.50

அறைக்கு மேல் மட்டும் வலை இருந்தால் போதாதா? சுற்றி நாலடி விட்டு மீதியைச் சுருட்டிவிடுங்கள். இன்னும் எட்டு நாள் கத்திரி இருக்கிறது, அம்மாவை நாளைக்கே மாவு கிளறச் சொல்லுங்கள்.